விளம்பரத்தை வெட்டாதீர்கள்: ஜப்பானிய சூப்பர் ஹீரோ டேப்களை டிஜிட்டலாக்கும் முறை

'கமென் ரைடர் பிளாக்' தொடரின் 51 பாகங்களும் டிஸ்க்கில் கிடைக்கின்றன. படமும் டேப்பில் இருப்பதைவிடப் பல மடங்கு சுத்தம். அப்படியிருக்க, 1987இல் ஜப்பானில் யாரோ வீட்டு டெக்கில் பதிந்து வைத்த டேப்பை ஏலத்தில் எடுத்து, பூஞ்சை துடைத்து, ஆறு மணி நேரம் ஓட்டிக் கணினியில் பிடிப்பது எதற்கு? டிஸ்க்கில் இருப்பது தொடர் மட்டும். அன்றைய ஒளிபரப்பு அதில் இல்லை. தொடக்கப் பாட்டு முடிந்ததும் வரும் விளம்பரதாரர் அட்டை, நடுவில் வந்த பொம்மை விளம்பரம், படத்தின் மேல் திடீரென ஓடிய நிலநடுக்கச் செய்தி, அடுத்த வார முன்னோட்டம் முடிந்தபின் நிலையம் சேர்த்த அறிவிப்பு, இவையெல்லாம் வீட்டு டேப்பில்தான் மிஞ்சியிருக்கின்றன.

டொகுசட்சு எனப்படும், நடிகர்களையும் தந்திரக் காட்சிகளையும் வைத்து எடுத்த இந்த வகைத் தொடர்கள் பிழைத்ததற்கு முக்கியக் காரணம் ஃபிலிம். 1966இன் 'அல்ட்ராமேன்', 1971இன் 'கமென் ரைடர்', 1975இன் 'கோரெஞ்சர்' எல்லாம் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. சுபுராயா, தோயே நிறுவனங்களின் கிடங்கில் நெகட்டிவ் இருந்தது. வீடியோவில் எடுத்தவற்றின் கதி வேறு. 1972 அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிப்பான் டிவியில் வந்த 'தொத்சுகெகி! ஹ்யூமன்!!' மேடையில் பார்வையாளர் முன் நடத்தி வீடியோ டேப்பில் பதிந்த தொடர், மொத்தம் 13 பாகம். அந்தக் காலத்து வீடியோ டேப் விலை அதிகம் என்பதால் அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டார்கள். முழுப் பாகம் ஒன்றுகூட மிஞ்சியதாகத் தெரியவில்லை. 'அல்ட்ரா செவன்' 12ஆம் பாகம் இன்னொரு வகை: 1970இல் எழுந்த எதிர்ப்புக்குப் பின் நிறுவனமே விலக்கி வைத்தது. அதிகாரபூர்வ டிஸ்க் எதிலும் அது இல்லை. ரசிகர்களிடம் இருப்பவை டேப் வழி வந்த பிரதிகள்.

வெளிநாட்டு டப்பிங்கும் இதே கணக்குதான். பிரேசிலில் 1988இல் மான்செட்டி சேனலில் வந்த 'ஜாஸ்பியன்', 'சேஞ்ச்மேன்' ஆகியவற்றின் போர்ச்சுகீசிய ஒலி, பிரான்சில் 'எக்ஸ்-ஓர்' என்ற பெயரில் ஓடிய 'கவான்' தொடரின் பிரெஞ்சு ஒலி, இவற்றைத் தேடுபவர்கள் ஜப்பானிய டிஸ்க்கைப் புரட்டிப் பயனில்லை.

இனி வேலைக்கு வருவோம். எடுத்துக்காட்டாக இங்கே வைத்துக்கொள்வது ஜப்பானிய ஏலத்தில் அதிகம் கிடைக்கும் வகை: ஒரு டி-120 விஎச்எஸ் கேசட், மூன்று மடங்கு முறையில் பதிந்தது, 12 பாகம், கையெழுத்து லேபிள்.

லேபிளும் சில்லும்

ஜப்பானிய டெக்குகளில் வேகம் பெரும்பாலும் இரண்டே: 'ஹ்யோஜுன்' என்ற சாதா வேகம், 'சம்பாய்' என்ற மூன்று மடங்கு. அமெரிக்க டெக்குகளில் காணும் நடு வேகம் அங்கே அபூர்வம். டி-120 சாதா வேகத்தில் 2 மணி நேரம், மூன்று மடங்கில் 6 மணி நேரம். அரை மணி நேர நிகழ்ச்சி விளம்பரத்தோடு 12 அடங்கும். லேபிளில் 14, 15 பாகம் எழுதியிருந்தால் பதிந்தவர் விளம்பரத்தின்போது பாஸ் அழுத்தியிருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். அவரைக் குறை சொல்ல முடியாது. 1976இல் வந்த ஜேவிசியின் முதல் விஎச்எஸ் டெக் 2,56,000 யென். டேப்பும் அதற்கேற்ற விலை. விளம்பரத்தைப் பதிந்தவரை வீட்டில் ஊதாரி என்றிருப்பார்கள்.

டேப் கைக்கு வந்ததும் முதலில் முதுகுப் பக்கத்து இடது ஓரத்திலுள்ள பதிவுத் தடைச் சில்லை உடைத்துவிடுங்கள். டெக்கில் ரிமோட் கை தவறிப் பதிவுப் பொத்தான் அமுங்கினால் முப்பது வருடம் பிழைத்தது மூன்று நொடியில் போகும். அடுத்து லேபிளை, பெட்டியை, உள்ளே மடித்து வைத்த துண்டுச் சீட்டை எல்லாம் 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்யுங்கள். பாக எண், தேதி, மழைக் குறுக்கீடு என்று பதிந்தவர் எழுதியதே பின்னால் முதன்மைச் சான்று.

ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்தில் கிடக்க விடுங்கள். குளிர்ந்த பெட்டியிலிருந்து எடுத்த டேப்பை உடனே ஓட்டினால், டேப்பைப் படிக்கும் ஹெட் பொருந்திய சுழல் உருளையான டிரம்மில் ஈரம் படிந்து டேப் ஒட்டிக்கொள்ளும்; சென்னை மாதிரி ஊரில் இது இரட்டிப்பு ஆபத்து.

பூஞ்சை

கேசட்டின் ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் மேற்பரப்பு சீரான கறுப்பாக, இசைத்தட்டுப் போல மினுங்க வேண்டும். வெள்ளைத் தூள், சாம்பல் வளையம், சிலந்தி வலை போன்ற கோடு தெரிந்தால் அது பூஞ்சை. அந்த டேப்பை நல்ல டெக்கில் போடக்கூடாது. ஒருமுறை ஓட்டினாலே விதைத்தூள் டிரம், உருளை எல்லாவற்றிலும் ஏறி அடுத்த பத்து டேப்புக்கும் தொற்றும்.

ஈரமான பூஞ்சையைத் துடைத்தால் டேப்போடு அரைந்து இழுபடும். எனவே முதலில் காய வைக்க வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒன்று, இரண்டு வாரம் வையுங்கள். பூஞ்சை உலர்ந்து தூளாகும். பிறகு என்95 முகமூடி, கையுறை போட்டு, வீட்டுக்கு வெளியே வேலை. விஎச்எஸ் ஓட்டில் ஐந்து ஸ்க்ரூ. கேசட்டைக் கவிழ்த்து ஐந்தையும் கழற்றி, கவிழ்த்தபடியே இரு பாதியையும் சேர்த்துப் பிடித்து நிமிர்த்தி, மேல் பாதியை மெல்லத் தூக்குங்கள். நேராகத் திறந்தால் பிரேக் ஸ்பிரிங் தெறித்து ஓடும். உள்ளே டேப் போகும் பாதையைத் திறந்ததும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சிறு உருளை எந்தப் பக்கம், டேப் அதற்கு உள்ளேயா வெளியேயா என்பது அரை மணி நேரத்தில் மறந்துவிடும்.

சுருளின் இரு பக்க விளிம்பையும் பஞ்சு உதிராத துணியால் உலர்வாகத் துடைக்கவும். போகாத திட்டுக்கு மட்டும் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதம் வேண்டாம், மீதி 30 தண்ணீர். பிறகு 246 மீட்டரையும் ஒரு பழைய டெக்கில், ஓடும் பாதையில் மெல்லிய துணித் துண்டு தொட்டபடி முன்னும் பின்னும் சுற்றி எடுப்பது வழக்கம். அந்த டெக்கைப் பலி டெக் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் படம் பார்க்க வேண்டாம். சுத்தமான சுருளை, புதிதாக வாங்கிய மலிவு கேசட்டின் ஓட்டுக்குள் மாற்றிப் போட்டால் பழைய ஓட்டில் மிச்சமிருக்கும் தூளுக்கும் வழியடைத்தாயிற்று. ஐந்து ஸ்க்ரூவையும் முழுக்க முறுக்க வேண்டாம். அதிகம் இறுக்கினால் ஓடு வளைந்து சுருள் உரசும்.

டேப் அறுந்திருந்தால் அரை அங்குல வீடியோ ஒட்டு நாடா மட்டும். சாதாரண செலோடேப்பின் பசை கசிந்து ஹெட்டில் ஏறும். காந்தப் பூச்சு கேசட்டின் வெளிப்பக்கம் பார்த்திருக்கும். ஒட்டு எப்போதும் உட்பக்கத்தில். கசங்கிய ஓரிரு அங்குலத்தை வெட்டி எறிவதா, நீவி ஒட்டுவதா? சாதா வேகத்தில் ஒரு நொடிக்கு 33 மில்லிமீட்டர்தான் ஓடுகிறது, மூன்று மடங்கு முறையில் 11. ஒரு அங்குலம் வெட்டினால் இரண்டு நொடிக்கு மேல் போகும். நீவி ஒட்டி, அந்த இடத்தைப் பலி டெக்கில் ஒருமுறை கடக்கச் செய்து பார்ப்பதே மேல்.

டெக்

ஜப்பானிய டெக் 100 வோல்ட். நம் 230 வோல்ட் சாக்கெட்டில் நேராகச் செருகினால் கதை முடிந்தது. 100 விஏ அளவுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு டெக்குக்குத் தாராளம். ஜப்பானின் டிவி முறை என்டிஎஸ்சி (NTSC), இந்தியாவினுடையது பால் (PAL). இந்தியாவில் கிடைக்கும் பால் முறை டெக்குகள் பலவற்றில் 'என்டிஎஸ்சி பிளேபேக்' என்று அச்சிட்டிருக்கும். அதை நம்பி இறங்காதீர்கள். அவை தருவது பெரும்பாலும் 525 வரியில் பால் நிறத்தைக் கலந்த ஒட்டு சிக்னல். பழைய டிவி அதை ஏற்றுக்கொள்ளும், சிக்னலைக் கணினிக் கோப்பாக்கும் கேப்சர் கார்டு கறுப்பு வெள்ளையாகக் காட்டும் அல்லது உருட்டும். உண்மையான என்டிஎஸ்சி டெக்தான் வேண்டும். பிரேசில் டேப் என்றால் இன்னொரு சிக்கல்: அங்கே பால்-எம். வரியும் வேகமும் என்டிஎஸ்சி போல, நிறம் மட்டும் பால். என்டிஎஸ்சி டெக்கில் போட்டால் படம் நிலையாக நிற்கும், நிறம் வராது. டேப் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஒளியையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பியில் அனுப்பும் எஸ்-வீடியோ வெளியீடு கட்டாயம். விஎச்எஸ் ஒளியையும் நிறத்தையும் டேப்பில் தனித்தனியே எழுதுகிறது. மஞ்சள் கம்பியில் இரண்டையும் மறுபடி கலந்து அனுப்பி, கார்டில் மறுபடி பிரிப்பது வெட்டி வேலை. ஒளிபரப்பிலேயே கலந்து வந்ததால் ஏற்பட்ட வானவில் பூச்சு இதனால் போகாது. அது டேப்பில் பதிந்த ஒன்று, முதல் பிடிப்பான மாஸ்டர் கோப்பில் அப்படியே இருக்கட்டும்.

வரி நேரத்தைச் சீர் செய்யும் டிபிசி உள்ளே இருக்கும் டெக் சிறந்தது: ஜேவிசியின் மேல்வரிசை எஸ்-விஎச்எஸ் மாடல்கள், பானாசோனிக் ஏஜி-1980 ஆகியவை பெயர் பெற்றவை. பின்னதில் மின்தேக்கிகள் கசிந்து போயிருக்கும் என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். கடைசி விசிஆர் உற்பத்தியாளரான ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ரப்பர் உருளையும் பெல்ட்டும் இனி பழைய டெக்கிலிருந்து பிடுங்கித்தான் மாட்ட வேண்டும். டிபிசி இல்லாத டெக் என்றால், பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 அல்லது இஎஸ்15 டிவிடி ரெக்கார்டரை நடுவில் வைத்து, பதிவு செய்யாமல் அதன் வழியே சிக்னலை மட்டும் கடத்துங்கள். மேல் ஓரம் கொடி மாதிரி வளைவது பெரும்பாலும் நேராகும். அதன் மெனுவில் உள்ளீட்டுக் கறுப்பளவையும் இரைச்சல் குறைப்பையும் முதலில் பாருங்கள்; இரைச்சல் குறைப்பு இயங்கினால் ஃபிலிம் துகள்கள் மெழுகாகிவிடும்.

ஹெட் சுத்தம்: கெமாய்ஸ் தோல் குச்சியை ஐசோபுரோபைலில் நனைத்து டிரம்மின் பக்கவாட்டில் அசையாமல் பிடித்து, மறுகையால் டிரம்மின் தலையைப் பிடித்து நான்கைந்து சுற்று சுழற்றவும். குச்சியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை உடையும். காதுப் பஞ்சு கூடாது, இழை மாட்டும். அழுத்து உருளைக்கு ஆல்கஹால் தொடர்ந்து போட்டால் ரப்பர் வறண்டு வெடிக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். கால் மணி நேரம் உலர விட்டு, வேண்டாத டேப் ஒன்றைப் போட்டுப் பார்த்த பிறகே நம் டேப்.

டிராக்கிங்

டேப்பில் பதிந்த தடத்தின் மேல் ஹெட்டைச் சரியாக நிறுத்துவதே டிராக்கிங். மூன்று மடங்கு டேப்பில் பாதி மல்லுக்கட்டு இங்கேதான். சாதா வேகத்தில் ஒரு தடத்தின் அகலம் 58 மைக்ரான், மூன்று மடங்கில் 19. பதிந்த டெக்கின் சீரமைப்பு இம்மி விலகியிருந்தாலும் ஹெட் பக்கத்துத் தடத்தில் பாதியை மிதிக்கும். தானியங்கி டிராக்கிங் சாதா டேப்பில் சமாளிக்கும். இங்கே கையால் சரி செய்யுங்கள். படத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம், டிரம்மின் ஹெட்டே படிக்கும் ஹை-ஃபை ஒலியை ஹெட்போனில் கேளுங்கள். படம் நன்றாகத் தெரியும் இடத்திலேயே ஒலி 'டர்ர்' என்று உறுமினால் தடம் இன்னும் மையத்துக்கு வரவில்லை. பாஸ் அழுத்தி ஒட்டிய ஒவ்வொரு இணைப்பிலும் டிராக்கிங் இடம் மாறலாம். 12 பாகத்தை ஒரே ஓட்டத்தில் பிடிப்பதைவிடப் பாகம் பாகமாகப் பிடிப்பது இதனால்தான் நல்லது.

ஹை-ஃபை தடம் உறுமியே தீரும் டேப் உண்டு. அப்போது ஒலித் தேர்வைச் சாதா மோனோ தடத்துக்கு மாற்றி இன்னொரு முறை ஓட்டி, இரண்டு ஒலியையும் வைத்துக்கொள்ளவும். மோனோ மந்தமாக இருக்கும், ஆனால் அறுந்து அறுந்து ஒலிக்காது.

கறுப்பு எங்கே நிற்கிறது

இதை விட்டவர்கள்தான் அதிகம். வீடியோ சிக்னலின் ஒளியளவை ஐஆர்இ என்ற அலகில் அளப்பார்கள். அமெரிக்க என்டிஎஸ்சியில் கறுப்பு 7.5 ஐஆர்இ-யில் தொடங்கும், ஜப்பானில் 0. கார்டு அமெரிக்க முறையை எதிர்பார்த்து ஜப்பானிய டேப்பைப் பிடித்தால், கோப்பின் 0 முதல் 255 வரையான அளவில் 16-இல் நிற்க வேண்டிய கறுப்பு 0-க்கும் கீழே தள்ளப்பட்டு நசுங்கும். நசுங்கியது திரும்பாது. மறுபக்கம், ஜப்பானிய அமைப்பில் வைத்து, அமெரிக்க முறையில் பதிந்த ஹவாய் டேப்பைப் பிடித்தால் கறுப்பு 32 அருகே சாம்பலாக நிற்கும். பார்க்க வெளிறியிருக்கும், ஆனால் விவரம் எதுவும் போகவில்லை, பின்னால் இறக்கிக்கொள்ளலாம். ஆகவே எந்த நாட்டு டேப்பானாலும் 0 ஐஆர்இ அமைப்பில் பிடியுங்கள்.

கமென் ரைடர் முதல் பாகங்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். கருப்பு உடை, இரவுச் சண்டை. இரவில் ஆளே தெரியவில்லை என்பதால்தான் அடுத்து வந்த 2ஆம் ரைடரின் கை கால் ஓரத்தில் வெளிர் கோடு சேர்த்தார்கள். ஃபிலிமிலேயே விளிம்பில் நின்ற காட்சி அது. அங்கே 7.5 ஐஆர்இ நசுங்கினால் திரையில் மிஞ்சுவது இரண்டு சிவப்புக் கண்கள் மட்டும்.

கேப்சர்

மலிவு யுஎஸ்பி குச்சிகளின் பெரிய குறை, தானியங்கி ஒளியளவுச் சீராக்கம். வெடிச் சத்தத்தோடு திரை வெளுக்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த நொடி முழுப் படமும் இருளும். டொகுசட்சுவில் நிமிடத்துக்கு ஒரு வெடி. அந்த வசதியை அணைக்க முடியாத குச்சியை வாங்காதீர்கள்.

வர்ச்சுவல்டப் மென்பொருளில் 720க்கு 480, நொடிக்கு 29.97 ஃபிரேம், இடைப்பின்னலை (ஒரு ஃபிரேமை ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு ஃபீல்டுகளாகப் பிரிப்பது) அப்படியே விட்டு, 4:2:2 நிறத்தில், தரம் இழக்காமல் சுருக்கும் ஹஃப்ஒய்யுவி கோடெக்கில் பிடியுங்கள். மணிக்கு 35 ஜிபி சுமார். ஆறு மணி நேர டேப்புக்கு 210 ஜிபி. பின்னர் அதேபோல் இழப்பில்லாத எஃப்எஃப்வி1 கோடெக்கின் மூன்றாம் பதிப்பாக எம்கேவி-க்குள் மாற்றினால் இடமும் குறையும், ஒவ்வொரு துண்டுக்கும் பிழைச் சரிபார்ப்பும் கிடைக்கும். ஒலி 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட், சுருக்காமல். கீழ் விளிம்பில் ஆறேழு வரி கிழிந்து தெரிவது ஹெட் மாறும் இடம். மாஸ்டரில் அதை வெட்டவோ மறைக்கவோ வேண்டாம்.

பிடித்து முடித்ததும் ஃபிரேம் கணக்கு. சரியாக 30 நிமிடத்துக்கு 53,946 ஃபிரேம் இருக்க வேண்டும். 24 குறைந்தால் ஒலி கிட்டத்தட்ட 0.8 நொடி விலகும். ஃபிரேம் உதிர்வது பெரும்பாலும் பாஸ் இணைப்பில், சிக்னல் ஒரு கணம் அறும்போது. நடுவில் டிபிசி இருந்தால் இது வெகுவாகக் குறையும். ஃபிரேம் சரி, ஆனாலும் ஒலி மெதுவாக நகர்கிறது என்றால் வீடியோவும் ஒலியும் வெவ்வேறு கடிகாரத்தில் ஓடுகின்றன: ஒலி அட்டை 48,000க்குப் பதில் 47,995 ஓடினாலே ஆறு மணி நேரத்தில் 2.25 நொடி. ஒலியையும் அதே கேப்சர் கருவி வழியாக எடுப்பதே இதற்குத் தீர்வு.

வெள்ளைக் கீற்றுகள் நிறைந்த டேப்பை மூன்று முறை பிடித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்றில் நடு மதிப்பை எடுத்தால் இரைச்சலும், ஹெட் தொடர்பு விட்டு விட்டு வரும் கீற்றுகளும் மறையும். காந்தப் பூச்சே உதிர்ந்த இடத்துக்கு இது உதவாது, மூன்று முறையும் அதே ஓட்டைதான். மூன்று பிடிப்பிலும் ஃபிரேம் ஒன்றுகூட உதிராமல் இருப்பது முன்நிபந்தனை.

இன்னொரு வழி, டெக்கின் வீடியோச் சுற்றையே தவிர்த்து ஹெட் பெருக்கியிலிருந்து வரும் ரேடியோ அலைவரிசையை நேராகப் பதிவது. லேசர் டிஸ்க்குக்காக எழுதிய எல்டி-டீகோடிலிருந்து கிளைத்த விஎச்எஸ்-டீகோட் பின்னர் அதைப் படமாக்கும். டெக் பலகையில் 'பிபி' அல்லது 'ஆர்எஃப்' என்று குறித்த சோதனைப் புள்ளியைத் தேடி, அங்கிருந்து குட்டையான கோஆக்சியல் கம்பியில், இடையே ஒரு மின்தேக்கி வைத்து, பழைய கோனெக்ஸன்ட் சிப் கொண்ட டிவி கார்டுக்கு இழுக்கிறார்கள். நொடிக்கு 2.86 கோடி மாதிரி, 8 பிட். மணிக்கு 103 ஜிபி, எங்கள் மாதிரி டேப்புக்கு 618. ஃபிளாக் சுருக்கத்தில் பாதியளவுக்கு வரும். ஹை-ஃபை ஒலிக்குத் தனி ஹெட், தனி புள்ளி, தனிப் பதிவு என்பதை மறந்துவிட்டுப் பிறகு தலையில் அடித்துக்கொள்பவர் பலர். இதில் பெரிய லாபம்: டிபிசி மென்பொருளில் நடக்கிறது, ஐந்து வருடம் கழித்து மென்பொருள் மேம்பட்டால் டேப்பைத் தொடாமலே மறுபடி படமாக்கலாம். டேப் இன்னும் எத்தனை முறை ஓடும் என்பது சந்தேகமாக இருந்தால் முதல் ஓட்டமே இந்த வழியில் இருக்கட்டும்.

பார்க்கும் பிரதி

மாஸ்டரில் கை வைக்காமல் அதிலிருந்து ஒரு பிரதி எடுத்து அதில்தான் அழகு வேலை. ஃபிலிம் நொடிக்கு 24, டிவி நொடிக்கு 60 ஃபீல்டு. 2, 3, 2, 3 என்று ஃபீல்டுகளாகப் பிரித்து நிரப்புவார்கள். கதைப் பகுதியில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால் மூன்று சுத்தமாகவும் இரண்டு சீப்புப் பல் மாதிரியும் மாறி மாறி வரும். வேப்பர்சிந்த் மென்பொருளில் விஎஃப்எம், விடெசிமேட் என்ற இரு வடிகட்டிகளையும் ஐந்து ஃபிரேம் சுழற்சியில் ஓட்டினால் 23.976 திரும்பக் கிடைக்கும். கதையை ஃபிலிமிலேயே வெட்டி ஒட்டியிருப்பதால் ஒரு பகுதிக்குள் இந்தத் தாளம் மாறாது, விளம்பரத்தில்தான் உடையும். வெளிநாட்டில் வீடியோவில் மறுபடி எடிட் செய்த டப்பிங் பதிப்பில் ஒவ்வொரு வெட்டிலும் உடையும்.

விளம்பரமும் விளம்பரதாரர் அட்டையும் நேரடி வீடியோவாக இருந்தால் அங்கே இந்தச் சூத்திரத்தைப் போடாதீர்கள், அசைவு தத்தித் தத்தி வரும். அந்தப் பகுதியை மட்டும் நொடிக்கு 59.94 ஃபிரேமாக விரித்துத் தனிக் கோப்பாக வையுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வைத்து 4கே ஆக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முகமூடியின் கூட்டுக் கண்களில் இருக்கும் வலைப் பின்னலை அந்த மென்பொருள் இரைச்சல் என்று நினைத்து வழுவழுப்பாக்கிவிடும். தெரியாத ஜப்பானிய எழுத்தை இல்லாத எழுத்தாக மாற்றி வரையும். ஆவணத்தில் அதற்கு இடமில்லை.

டப்பிங் ஒலியை ஒட்டுதல்

டிஸ்க்கின் நல்ல படத்தோடு பழைய டப்பிங்கைச் சேர்ப்பதற்கு முன் வேகத்தைக் கண்டறிய வேண்டும். பிரேசில் 60 ஃபீல்டு என்பதால் வேகம் மாறாது. ஐரோப்பாவில் ஃபிலிமை நொடிக்கு 25 ஆக ஓட்டியிருந்தால் ஒலி 4 சதவீதத்துக்கு மேல் வேகமாகவும் கீச்சாகவும் இருக்கும். 24 நிமிடம் 30 நொடிக் கதை 23 நிமிடம் 30 நொடிக்குள் முடிந்தால் அது இந்த வகை. அப்போது வேகத்தை 0.95904 மடங்காக்குங்கள், சுருதியும் சேர்ந்து இறங்க வேண்டும். சுருதியைப் பிடித்து வைத்துக்கொண்டு நீட்டும் வசதியைப் போட்டால் குரல் தகரத்தில் பேசுவது போலாகும். கால அளவு ஒன்றாகவே இருந்து அசைவில் மட்டும் இரட்டை உருவம் தெரிந்தால் அது வீடியோவாக மாற்றிய பதிப்பு, வேகத்தைத் தொடாதீர்கள். சரியான வேகம் கிடைத்த பிறகும் வெட்டிய காட்சிகளால் ஆங்காங்கே இடைவெளி வரும். உதட்டசைவைப் பார்த்துப் பொருத்தாதீர்கள், டப்பிங்கில் அது எப்படியும் பொருந்தாது. குத்து, வெடி, கதவு மூடும் சத்தம் இவற்றை அலைவடிவில் பொருத்துங்கள்.

பதிவேற்றம்

கோப்பின் பெயர் தேதியில் தொடங்கட்டும்: வருடம், மாதம், நாள், நிலையம், தொடர், பாக எண், டேப் எண். தேதி தெரியாவிட்டால் விளம்பரம் சொல்லும். 'இந்த மாதம் 20 முதல் திரையரங்குகளில்' என்ற ஒரு வரி போதும். ஒவ்வொரு கோப்புக்கும், அது மாறவில்லை எனச் சரிபார்க்க ஷா-256 கையொப்பம், கூடவே டெக் மாடல், டிபிசி, கார்டு, கறுப்பளவு, டேப்பின் நிலை ஆகியவற்றை எழுதிய சிறு உரைக் கோப்பு. இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றும்போது பொருளின் அடையாளப் பெயரை ஒருமுறை வைத்தால் வைத்ததுதான், யோசித்து வையுங்கள். பார்ப்பதற்கான சிறு பிரதியை அது தானே உருவாக்கிக்கொள்ளும். நீங்கள் தனியாகச் சுருக்க வேண்டியதில்லை.

உரிமை விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. ஜப்பானில் திரைப்படைப்புக்கு வெளியானதிலிருந்து 70 வருடப் பாதுகாப்பு. இந்தத் தொடர்கள் பெரும்பாலானவற்றின் உரிமையாளர்கள் இன்றும் வியாபாரத்தில் இருக்கிறார்கள். தோயே 2020இல் டொகுசட்சுவுக்கென்றே வெளிநாட்டு யூடியூப் சேனல் தொடங்கியது. அதிகாரபூர்வமாகக் கிடைக்கும் பாகத்தை முழுதாக ஏற்றுவதில் ஆவணத்துக்கு லாபமும் இல்லை. அதன் மாஸ்டரை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில், இணையத்துக்கு வெளியே வையுங்கள். பொதுவில் வைப்பது விளம்பரம், அட்டை, நிலைய அறிவிப்பு போன்றவை. அவற்றுக்கும் உரிமையாளர் உண்டு, ஆட்சேபித்தால் இறக்கத்தான் வேண்டும். இதனால் எல்லாவற்றையும் ஒரே பொருளாகக் கட்டி ஏற்றக்கூடாது. ஒன்றின் மேல் புகார் வந்தால் மொத்த மூட்டையும் போகும்.

வேலை முடிந்த டேப்பை முழுதாகச் சுற்றி, நிமிர்த்தி வைத்துப் பாதுகாக்கவும். தூக்கிப் போடாதீர்கள்.

நம் ஊர்ப் பக்கத்திலும் இதற்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தோயேயின் 1967ஆம் வருட 26 பாகத் தொடரான 'ஜெயன்ட் ரோபோ' ஆங்கில டப்பிங்கில் 1980களில் தூர்தர்ஷனில் வந்தது. அதை யாரேனும் வீட்டில் பதிந்திருந்தால் அது பால் முறை விஎச்எஸ் ஆகவோ பீட்டாமேக்ஸ் ஆகவோ இருக்கும். 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம் என்று மாற்றிக்கொண்டால் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். ஓடும் நேரத்தை அதே ஆங்கில டப்பிங்கின் என்டிஎஸ்சி பிரதியோடு ஒப்பிட்டால் தூர்தர்ஷனில் ஃபிலிமாக ஓட்டினார்களா, வீடியோவாக மாற்றினார்களா என்பதும் தெரிந்துவிடும். லேபிளில் 'அக்கா கல்யாணம்' என்று எழுதியிருந்தாலும் டேப்பின் கடைசி அரை மணி நேரத்தை ஓட்டிப் பாருங்கள். மிச்சமிருந்த இடத்தில்தான் அப்போது டிவியைப் பதிந்தார்கள்.